தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு லெப்டினன்ட்

“மாத்திரை எண்ணுறதுக்கு எதுக்குடி யூனிஃபார்ம்?”

2021 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே நான் கேட்ட கேள்வி இது. அவள் பதிலே சொல்லவில்லை. தட்டை எடுத்துப்போய் சிங்கில் போட்டுவிட்டு மாடியேறிவிட்டாள். மனைவிதான் அப்பளத்தை நொறுக்கியபடி, “ஏங்க, இருபது வருஷமா நீங்க மட்டும் என்னத்த எண்ணிட்டிருக்கீங்களாம்?” என்றாள். நானும் ஃபார்மசிஸ்ட்தான். நியூ ஜெர்சியில் ஒரு செயின் ஃபார்மசியில் வேலை. ஊரில் நான்கு வருட பி.ஃபார்ம் முடித்து, இங்கே வந்து தேர்வு மேல் தேர்வாக எழுதி, சம்பளம் குறைவான இன்டர்னாக 1,500 மணி நேரம் நின்று, லைசென்ஸ் வாங்கியவன். அந்தக் கேள்வியை மகளிடம் கேட்க எனக்கே தகுதி இல்லை என்பது அன்று ராத்திரியே புரிந்துவிட்டது. ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. நாலு வருஷமாக ஏதோ ஒரு நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது ஃபார்ம்.டி., அதாவது ஃபார்மசி டாக்டர் படிப்பில், கடைசி வருடம். கோவிட் தடுப்பூசிக் காலம், ஃபார்மசிஸ்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி, கையெழுத்துப் போட்டாலே தனியாக ஒரு தொகை தருகிறேன் என்று கடைகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. இவளோ அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் சீருடைப் பிரிவான கமிஷன்ட் கோரில் சேரப்போகிறேன் என்று வந்து நிற்கிறாள். (எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ‘கார்ப்ஸ்’ என்று நான் சொல்ல, “அப்பா, அப்படிச் சொன்னா பிணம்னு அர்த்தம்” என்று சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.) முந்தின கோடையில் மாணவியாக இரண்டு மாதம் அங்கே போய் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதை நாங்கள் ஏதோ இன்டர்ன்ஷிப் என்று நினைத்துப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அமெரிக்காவில் சீருடைச் சேவைகள் மொத்தம் எட்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன், கடலோரக் காவல்படை, விண்வெளிப்படை என்று ஆறு. ஏழாவது கடலையும் வானிலையையும் அளப்பவர்கள். எட்டாவது இது. கடைசி இரண்டுக்கும் ஆயுதம் கிடையாது. இந்த எட்டாவதில் இருப்பவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். டாக்டர், நர்ஸ், பல் டாக்டர், ஃபார்மசிஸ்ட் மட்டுமல்ல, டயட்டீஷியன், கால்நடை மருத்துவர், சிவில் எஞ்சினியர்கூட உண்டு. பதவிப் பெயர்களெல்லாம் கடற்படைப் பெயர்கள். சர்ஜன் ஜெனரல் என்று டி.வி.யில் சிகரெட்டைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் பேசுவாரே, அவருக்கு வைஸ் அட்மிரல் அந்தஸ்து. அந்தப் பதவியில் இருந்த விவேக் மூர்த்தியை அந்த உடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ‘நேவியில் இருந்து வந்தவர் போல’ என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

சம்பளம், படி, பென்ஷன் விவகாரங்களை நீளமாக எழுதப்போவதில்லை, இணையத்தில் எல்லாம் கிடக்கிறது. குடியுரிமை வேண்டும், வயது 44-க்குள் இருக்க வேண்டும், இங்கே அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் பட்டம் வேண்டும். (ஆக, என் பட்டமும் ஆகாது, என் வயதும் ஆகாது.) அடிப்படைச் சம்பளம் செயின் ஃபார்மசியைவிடக் குறைவு, வீட்டுப்படிக்கு வரி இல்லை, வருடத்துக்கு 30 நாள் லீவு, 20 வருடம் முடித்தால் பென்ஷன். வருடா வருடம் உடல்தகுதித் தேர்வு உண்டு. எங்கள் ஹால் கார்ப்பெட்டில் மகள் புஷ்-அப் எடுக்க, மனைவி ஃபோனில் நொடி எண்ணிக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. விண்ணப்பம் கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்தது. இடையில் மனைவி இணையத்தில் எதையோ தேடப்போய், 2014-ல் லைபீரியாவில் எபோலா வந்தபோது மன்ரோவியா பக்கத்தில் 25 படுக்கை மருத்துவமனையை நடத்தியது இந்தச் சேவைக்காரர்கள்தான் என்று படித்துவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவசரம் என்றால் எங்கே வேண்டுமானாலும் அனுப்புவார்கள், போக வேண்டும். சேரும்போது கொடுக்கும் வாக்கு அது. மற்றபடி சாதாரண நாளில் எந்த ஊரில் வேலை என்பதை அவரவரே தேடி விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

இவள் தேடிக்கொண்ட ஊர் ஷிப்ராக். நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலை, நவஹோ பழங்குடியினரின் நிலமான நவஹோ தேசம். வேலை, பழங்குடி மக்களுக்கான இந்தியன் ஹெல்த் சர்வீஸ் மருத்துவமனையில்.

காக்கி

இரண்டு வாரப் பயிற்சி முடிந்து அனுப்பிய போட்டோவில் காக்கி உடை, காலரில் இரண்டு வெள்ளிப் பட்டை. லெப்டினன்ட். போட்டோவைப் பாளையங்கோட்டைக்கு வாட்ஸாப்பில் அனுப்பி வைத்தேன். பத்து நிமிஷத்தில் அம்மாவிடமிருந்து ஃபோன். “என்னய்யா, பேத்தி போலீஸ்ல சேந்துட்டாளா?”

நம் ஊரில் காக்கி என்றால் போலீஸ். அதை விட்டால் தபால்காரர், கண்டக்டர், ஆட்டோக்காரர். போலீஸ் இல்லை, சுகாதாரத் துறை என்றதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒங்கப்பா மாதிரியா?” என்றாள்.

அப்பா ஹெல்த் இன்ஸ்பெக்டர். மலேரியாவுக்கு டி.டி.டி. அடித்த தேதியைச் சுவரில் எழுதுவது, கிணற்றில் குளோரின் போடுவது, காலரா என்றால் ராத்திரியோடு ராத்திரியாக சைக்கிளை எடுப்பது. மதராஸ் மாகாணத்தில் 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். மருத்துவமனை ஒரு துறை, பொதுச் சுகாதாரம் இன்னொரு துறை என்று இன்றைக்கும் தனி ஆட்களோடு தமிழ்நாடு நடத்துவதை வெளியே இருப்பவர்கள் மெச்சுகிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ட்ரான்ஸ்ஃபர். பதினெட்டு வருஷத்தில் ஏழு ஊர். அதில் மூன்று, மேலே இருந்தவரோடு சண்டை போட்டதால் வந்தவை. அம்மா ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தைச் சாக்கில் கட்டும்போது சொல்வாள்: “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டான், நல்லா இருப்பானா அவன்.”

தமிழில் அரசாங்க வேலையைப் பற்றி இருக்கும் வார்த்தைகளில் இதற்கு இணை கிடையாது. எதிர்த்துப் பேசினால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவேன் என்று மந்திரி மிரட்டுவார், சினிமாவிலும் மிரட்டுவார். அந்தக் காட்டில் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவர்கள் ஊருக்கு வரும் டாக்டரும் வாத்தியாரும் தண்டனைக் கைதிகள். வந்த அன்றைக்கே திரும்பிப்போகிற மனுவை எழுதத் தொடங்குகிறவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு, என் மகள் தானாக விண்ணப்பம் போட்டு, ஒரு வருஷம் காத்திருந்து, புஷ்-அப் எடுத்து, தண்ணியில்லாக் காட்டுக்குப் போகிறாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லப்போனால் என் ரசக் கேள்வியில் யூனிஃபார்ம் ஒரு சாக்குதான். எதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டு அமெரிக்கா வந்தோம், திரும்பவும் பாத்திரத்தைச் சாக்கில் கட்டவா என்பதுதான் உள்ளே இருந்தது.

ஷிப்ராக்

2023 ஏப்ரலில் போனோம். ஆல்புகர்க்கியில் இறங்கி, 550-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மூன்றரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரத்தில் மனைவி, “இங்க யாருங்க இருக்கா?” என்று மூன்று தடவை கேட்டாள். நவஹோ தேசத்தின் பரப்பு தமிழ்நாட்டில் பாதிக்கும் சற்று மேல். சமவெளி நடுவே கப்பல் மாதிரி ஒரு பாறை நிற்கிறது, ஊருக்குப் பெயர் அதனால்தான். நவஹோக்காரர்கள் கப்பலைப் பார்க்கவில்லை, ‘சிறகுள்ள பாறை’ என்கிறார்கள். போய் நின்ற நாளில் ஒரே புழுதிக் காற்று. பெட்ரோல் பங்கில் கௌபாய் தொப்பி வைத்த ஒரு பெரியவர் இவள் உடையைப் பார்த்து, “நேவியா?” என்றார். கடல் பக்கத்திலேயே இல்லாத ஊரில் என் மகள் வாரம் ஒரு தடவையாவது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறாளாம்.

ஊருக்குள் சான் ஹுவான் ஆறு ஓடுகிறது, தண்ணீருக்குக் குறை இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனால் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஐம்பது அறுபது மைலிலிருந்து வருகிறார்கள். நவஹோ தேசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது என்கிறார்கள். பிக்கப் டிரக்கின் பின்னால் கூண்டு போட்ட பெரிய வெள்ளை பிளாஸ்டிக் டேங்கை வைத்து, பொதுக் குழாயில் நிரப்பி, மண் பாதையில் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படி ஒரு வண்டியின் பின்னால் நாங்களும் அரை மணி நேரம் ஊர்ந்தோம். மேடு பள்ளத்தில் டேங்க் தளும்பி, மூடி இடுக்கில் ஒழுகிய தண்ணீர் மண்ணில் கோடாக விழுந்தது, அடுத்த நொடி காய்ந்தது. மனைவி வாயைத் திறக்கவில்லை. அவள் ராமநாதபுரம் பக்கம். வாரத்துக்கு இரண்டு நாள் லாரி வரும், குடம் போட்டு இடம் பிடிப்பார்கள் என்று கதை கதையாகச் சொல்வாள். அமெரிக்காவில் அதைப் பார்ப்போம் என்று நினைக்கவில்லை.

எஞ்சினியருக்கு இந்தச் சேவையில் என்ன வேலை என்பது அங்கே போனதும் விளங்கியது. 1959-ல் போட்ட ஒரு சட்டத்தின்படி இந்த ஊர்களுக்குக் குழாய் போடுவது, செப்டிக் டேங்க் கட்டுவது எல்லாம் இந்தியன் ஹெல்த் சர்வீஸின் பொறுப்பு. மகளின் பக்கத்து வீட்டுப் பையனும் லெப்டினன்ட்தான். ஆனால் அவன் தூக்கிக்கொண்டு அலைவது ஸ்டெதாஸ்கோப்பை அல்ல, குழாய் வரைபடத்தை. வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுப்பதும் தண்ணீர்க் குழாய் போடுவதும் ஒரே வேலையின் இரண்டு முனை என்று எங்கள் அப்பா சைக்கிளில் குளோரினோடு போனபோதே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் போய்வந்த இரண்டு மாதத்தில், ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1868-ஆம் வருட ஒப்பந்தப்படி நவஹோக்களுக்குத் தண்ணீர் கிடைக்க வழி செய்தே ஆகவேண்டிய கடமை அரசாங்கத்துக்கு இல்லை என்று ஐந்துக்கு நாலு. காட்டில் தண்ணி இல்லாதது இயற்கையால் மட்டும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சமையலறை மேஜை

இரண்டாம் நாள் காலை. அவள் வீடு அரசாங்கக் குடியிருப்பில், மருத்துவமனைக்கு நடக்கிற தூரம். நான் காபி டம்ளரோடு உட்கார்ந்து, வார நாள் எழுதிய என் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். அவளுக்கு அன்று லீவு. எதிரில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இன்னிக்கு நீங்க பேஷன்ட், நான் ஃபார்மசிஸ்ட். விளையாடலாமா?” என்றாள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இந்த மருத்துவமனைகளில் ஃபார்மசிஸ்டுகள் 1960-களிலேயே நோயாளியின் மொத்த கேஸ் ஷீட்டையும் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார்கள். கவுன்டரில் நிற்க வைத்து அல்ல, கதவு சாத்திய சின்ன அறையில் உட்கார வைத்து. அங்கேதான் மூன்று கேள்விகள் பிறந்தன. இன்று அமெரிக்கா முழுக்க ஃபார்மசிக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் லைசென்ஸ் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் கடையில் நடப்பது வேறு. கார்டு தேய்க்கும் திரையில் ‘ஃபார்மசிஸ்டிடம் கேள்வி உண்டா’ என்று வரும், ‘இல்லை’ என்பதை விரலால் தொட்டுவிட்டுப் போவார்கள், சட்டப்படி நாங்கள் கேட்டாயிற்று. தொடத் தாமதித்தால் கேஷியரே காட்டிக்கொடுப்பான். எனக்கு எதிரே உள்ள திரையில் ஒவ்வொரு மருந்துச்சீட்டுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. டிரைவ்-த்ரூவில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் ஒன்றுக்குப் போக நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

“இந்த மாத்திரை எதுக்குன்னு டாக்டர் சொன்னார்?” என்றாள்.

அம்லோடிபின். “பிரஷருக்கு.”

“எப்படிச் சாப்பிடச் சொன்னார்?”

“தினம் ஒண்ணு, காலையில. பத்து மில்லிகிராம்.”

“சாப்பிட்டா என்னென்ன ஆகும்னு சொன்னார்?”

“பிரஷர் குறையும்.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன? நான் டம்ளரைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து, என் வலது கால் சாக்ஸைக் கீழே தள்ளி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். எடுத்தாள். குழி அப்படியே நின்றது. கேசரியில் கரண்டி அழுத்தின மாதிரி. இரண்டு பேரும் அது மெல்ல மெல்ல மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எத்தனை நாளா இருக்கு?”

“நாள் பூரா நிக்கிறேன்ல கண்ணு, அதான்.”

“டோஸ் எப்ப ஏத்தினாங்க?”

“தீபாவளிக்கு முன்னாடி.”

“வீக்கம்?”

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில். சொல்லவே கூச்சமாக இருந்தது. அம்லோடிபின் கொடுத்தால், அதுவும் டோஸ் ஏறினால், கால் வீங்கும் என்று ஃபார்மசி முதல் வருடப் பிள்ளை சொல்லும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நானும் சொல்வேன். என் காலில் வந்தபோது மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் என்னிடம் யாரும் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. நான் மருந்து வாங்கியது என் கடையிலேயேதான். ‘கேள்வி இல்லை’யை நானே தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன்.

“இதுக்குத்தான் யூனிஃபார்ம்”னு அவள் சொல்லியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். அப்படியெல்லாம் அவள் பேசவில்லை. “போனதும் டாக்டரைப் பாருங்க, அவர் மாத்துவார்” என்று சாக்ஸை மேலே இழுத்துவிட்டாள். யூனிஃபார்ம் போடாத நல்ல ஃபார்மசிஸ்டும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், நேரம் கொடுத்தால். அந்த மருத்துவமனையிலேயே சிவில் உடையில் இருப்பவர்கள்தான் அதிகம், பல பேர் நவஹோக்காரர்கள், இவளுக்கு வேலை பழக்கியதே அவர்கள்தான். ஆனால் ஒன்று உண்டு. விளம்பரம் போட்டால் ஆள் வராத ஊருக்கு எப்படியாவது ஆள் வரவைக்க வேண்டும் என்று யோசித்து, பதவி, பென்ஷன், வீட்டுப்படி, கல்விக்கடனில் ஒரு பங்கு என்று கட்டி வைத்த ஏற்பாடு அது. நம் ஊரில் மிரட்டி அனுப்புகிற இடத்துக்கு இங்கே மரியாதை கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு யாராவது காலரில் இரண்டு வெள்ளிப் பட்டை குத்தி அனுப்பியிருந்தால் அம்மா பாத்திரத்தைக் கட்டும்போது என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அதே உடை

பெருமைப்பட்டுக்கொண்டு வந்தவன், வந்ததும் இந்தச் சேவையின் சரித்திரம் படிக்க ஆரம்பித்தேன். 1798-ல் கப்பலோட்டிகளின் சம்பளத்தில் மாதம் 20 சென்ட் பிடித்து அவர்களுக்காக மருத்துவமனை கட்டியதில் ஆரம்பிக்கிறது. முத்திரையில் நங்கூரம் இருப்பது அதனால்தான். 1871-ல் தலைமைக்கு வந்த உட்வொர்த் என்ற டாக்டர், சிபாரிசில் வேலைக்கு வருவதை நிறுத்தி, பரீட்சை வைத்து எடுத்து, எந்தத் துறைமுகத்துக்கும் அனுப்பலாம் என்ற நிபந்தனையோடு உடையும் மாட்டிவிட்டார். 1889-ல் சட்டமாகவே ஆக்கினார்கள். கோல்ட்பெர்கர் என்று இந்தச் சேவையில் ஒரு டாக்டர். ஹங்கேரியிலிருந்து சின்ன வயதில் வந்த யூதக் குடும்பத்துப் பையன். 1914-ல் தென் மாநிலங்களில் பெலக்ரா நோயை விசாரிக்க அனுப்பினார்கள். தொற்று என்று எல்லோரும் சொல்ல, இல்லை, வெறும் மக்காச்சோள மாவைத் தின்று வாழ்கிற ஏழைகளின் சாப்பாட்டுக் குறை என்றார். நம்பாதவர்களுக்காக நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக் காட்டினார். இதைப் படித்துவிட்டு மகளுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பினேன்.

காலையில் பதில் வந்தது: “டஸ்கீகியும் படிச்சீங்களா?”

படித்தேன். அதே தென் மாநிலங்களில் ஒன்றான அலபாமாவில் ஓர் ஊர். அதே சேவை. 1932-லிருந்து 1972 வரை, 40 வருடம், ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை வைத்து, அதில் 399 பேருக்கு சிபிலிஸ், வைத்தியம் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சொன்னதும் அதே சேவையில் வேலை பார்த்த ஒருவர்தான், பீட்டர் பக்ஸ்டன். உள்ளே எழுதிப் பார்த்தார், கேட்கவில்லை, பத்திரிகைக்குக் கொடுத்தார். இன்னொன்று, மகளின் மருத்துவமனை இருக்கிற துறையைப் பற்றியது. 1976-ல் அரசாங்கத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தியன் ஹெல்த் சர்வீஸின் நான்கு வட்டாரங்களில் மட்டும், 1973 முதல் 1976 வரை, 3,406 கருத்தடை ஆபரேஷன்கள். ஒப்புதல் படிவங்களில் ஓட்டை. தடை இருந்தும் 21 வயது நிரம்பாத பெண்களுக்குக்கூடச் செய்திருக்கிறார்கள்.

1976. அந்த வருஷம் எனக்குப் பத்து வயது, எமர்ஜென்சி. அப்பாவின் பையில் ஒரு நீள நோட்டு இருக்கும், அதில் ‘கேஸ்’ கணக்கு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மாதம் இத்தனை கேஸ் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் நிற்கும், அல்லது, வேறென்ன, தண்ணியில்லாக் காடு. ராத்திரி வந்து சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை, இப்போது கேட்க அவர் இல்லை. ஏழு ட்ரான்ஸ்ஃபரில் ஒன்று அந்த வருஷக் கடைசியில் வந்தது. அவர் கேஸ் பிடிக்காததால் வந்ததா, வேறு எதற்காவது வந்ததா என்று அம்மாவுக்கும் நிச்சயமில்லை. பிடிக்காததால்தான் என்று வைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த உடையை மாட்டுகிறாயா என்று மகளிடம் கேட்டேன். பயிற்சியிலேயே டஸ்கீகியைப் பற்றிப் பேசினார்களாம். ஷிப்ராக்கில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்பா, என்றாள். வயதான பெண்களிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, பேனாவை வாங்கிக்கொண்டு அவர்கள் உடையை ஒரு தடவை, முகத்தை ஒரு தடவை பார்ப்பார்கள், அப்போது தெரியும் என்றாள். அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பதைத் தவிர அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லையாம்.

எத்தனை நாள்

அங்கே வயதான பெண்களை ‘ஷிமாசானி’ என்கிறார்கள், என் பாட்டி என்று அர்த்தம். ‘ஷிமா’ என்றால் என் அம்மா. அந்த ‘மா’வைக் கேட்டதும் மனைவிக்கு ஊரையே பிடித்துவிட்டது. சேர்ந்த முதல் மாதம் ஒரு ஷிமாசானிக்கு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் அளவைப் பரிசோதனை பார்த்து மாற்றிக்கொடுத்திருக்கிறாள் மகள். அதை அங்கே ஃபார்மசிஸ்டுகளே செய்கிறார்கள். மூன்று கேள்வியும் முடிந்த பிறகு அந்த அம்மா மொழிபெயர்ப்பாளர் மூலமாக நாலாவதாக ஒன்றைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். “நீ எத்தனை நாள் இருப்பே?” கல்விக்கடனில் ஒரு பங்கை அரசாங்கம் கட்டுவதற்கான ஒப்பந்தம் இரண்டு வருடம், அதனால் இரண்டு வருடம் என்றிருக்கிறாள். பாட்டி சிரித்துவிட்டு ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கி, “எல்லாரும் அதைத்தான் சொல்றாங்களாம்” என்றாராம்.

இதுதான் அந்த ஏற்பாட்டின் ஓட்டை என்று எனக்குப் படுகிறது. ஆளை வரவைக்கிறார்கள், நிற்க வைக்க முடியவில்லை. உடை எல்லா ஊருக்கும் ஒன்று என்பதால் போவதும் சுலபமாகிவிடுகிறது. பதவியோடு, வருடக் கணக்கோடு, அப்படியே தூக்கிக்கொண்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமான எஃப்.டி.ஏ.வுக்கோ சிறை மருத்துவமனைக்கோ போய்விடலாம். இளைஞர்கள் வருகிறார்கள், கற்றுக்கொள்கிறார்கள், கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது, பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும், கிளம்புகிறார்கள். குறை சொல்ல நான் யார், நான் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பியவன்தானே.

போன வருஷம் மேரிலாந்தில் எஃப்.டி.ஏ.வில் ஒரு இடம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம்தான். நாலு வருஷம் முன்னால் என்றால் தேங்காய் உடைத்திருப்பேன். அவள் ஃபோனில் சொன்னபோது என் வாயிலிருந்து வந்தது, “அப்ப அந்தப் பாட்டியோட மாத்திரையை யாரு பாப்பாங்க?” மறுமுனையில் சத்தம் இல்லை. அப்புறம், “நீங்களாப்பா பேசுறது?” என்றாள். மனைவி என்னை முறைத்த முறைப்பில் அன்று ராத்திரி நானே தோசை ஊற்றிக்கொண்டேன். விண்ணப்பத்தை முழுக்க எழுதி வைத்திருந்தாளாம், அனுப்பவில்லை. ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டியிருக்கிறாள். அதற்கப்புறம் என்ன என்று அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது, டோஸைக் குறைத்து வேறொன்று சேர்த்தார்கள்.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு ஏழரை, அவளுக்கு சாயங்காலம் ஐந்து மணி, அப்போது ஃபோன் பண்ணுவேன். ஷிப்ராக்கில் எடுத்த படங்களைக் காட்டினபோது பாறையையும் பேத்தியின் தொப்பியையும் தள்ளிவிட்டு, டிரக்கின் பின்னால் இருந்த வெள்ளை டேங்கில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டாள், சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும், என் சுகர், மனைவியின் முட்டிவலி, பேத்திக்கு மாப்பிள்ளை எல்லாம் விசாரித்து முடித்து, ஃபோனை வைப்பதற்கு முன்னால் கேட்கிறாள்.

“ஏய்யா, அந்த ஊருக்குத் தண்ணி வந்துட்டா?”

“இன்னும் இல்லம்மா.”